கடவுச்சொல்லும் களிமண் முத்திரையும்: மறக்கும் மின்னஞ்சற் செயலி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மின்னஞ்சற் செயலியொன்று ஒருமுறை பெற்றுக்கொண்ட கடவுச்சொல்லைச் சேமித்து வைக்காது, திறக்குந்தோறும் அதனையே மீண்டும் வினவுவது கணினியோடு பழகுவோர் பலரும் அறிந்த தொல்லையாகும். நினைவில் வைத்திருக்குமாறு கட்டளையிட்டு உரிய கட்டத்தில் அடையாளம் இட்ட பின்னரும், மறுநாட் காலையில் வெற்றுக் கட்டமே கண்முன் நிற்கும். இது பொதுவாகத் தொழில்நுட்பவியலாளரின் பணிமேசைக்குரிய சிறு கோளாறாகவே கருதப்படுகின்றது. ஆயின், ஒரு செயலி ஏன் மறக்கின்றது என்பதற்கு விடைகாண முற்படுவோர், அது எதனை நினைவிற்கொள்ள முயன்றது, அதனை எங்கே வைத்தது, யாருக்கு அஞ்சி மறைத்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் முதலில் விடை காணல் வேண்டும். இம்மூன்றும் தொழில்நுட்ப வினாக்கள் மட்டுமல்ல, வரலாற்று வினாக்களுமாகும்.

இவ்வினாக்களை ஓர் ஊரை நிலைக்களனாகக் கொண்டு நோக்குதல் பயன் தரும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் அமைந்துள்ளது பல்லேகம. சிங்களத்திலே 'பல்லே' என்பது கீழ் என்றும், 'கம' என்பது ஊர் என்றும் பொருள்படும்; கீழூர் எனத் தமிழிற் கூறலாம். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை, இலுக்கும்புற ஆகிய இடங்களைக் கடந்து, மலையேறி இறங்கியே இப்பகுதியை அடைதல் வேண்டும். இங்கு ஓடும் களுகங்கை அம்பன் கங்கையிற் கலந்து, அம்பன் கங்கை மகாவலியிற் சேர்ந்து, மகாவலி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலோடு சங்கமிக்கின்றது. இவ்வூர் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இது காவற்களங்களும் நுழைவடையாளங்களும் செவ்வனே பேணப்பட்ட பழைய கண்டியரசின் மாத்தளைப் பகுதியைச் சேர்ந்தது. மற்றொன்று, அண்மைக்காலத்திலே நீர்த்தேக்கத்தின் பொருட்டு ஊரும் முகவரியும் இடம்மாற நேர்ந்த பிரதேசம் இது.

1. கண்டியரசின் களிமண் முத்திரை

ஆங்கிலேயக் கடலோடியான றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டிலே, மகாவலி கடலோடு கலக்கும் அதே கொட்டியாரக் குடாவிற் சிறைப்பிடிக்கப்பட்டார். இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியிலிருந்த கண்டியரசிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்த அவர், 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூல், அக்காலக் கண்டியரசின் காவல்முறை பற்றி அரிய செய்திகளைத் தருகின்றது. நாட்டினுள்ளே செல்லும் வழிகளிற் காவற்களங்கள் இருந்தன. முட்களாற் பின்னப்பட்ட படலைகள் வழியை அடைத்தன. அவ்வழியாகச் செல்வோர் தம்மிடம் உரிய அனுமதி உண்டெனக் காட்டுதல் வேண்டும்.

அவ்வனுமதி எழுத்தால் அமைந்ததன்று. களிமண்ணிற் பதிக்கப்பட்ட முத்திரையாகும். முத்திரையின் வடிவம் செல்வோரின் தொழிலுக்கேற்ப வேறுபட்டது. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனித உருவமும், சுமைகாவிக்குக் காவுதடியின் இருமுனையிலும் சுமை தொங்கும் உருவமும், வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் உடைய உருவமும் பதிக்கப்பட்டன. ஒரு குழுவில் எத்தனை பேர் உளரோ அத்தனை பதிவுகள் களிமண்ணில் இருத்தல் வேண்டும் என்பதும் நொக்ஸ் தரும் செய்தியாகும்.

இம்முறையின் நுட்பம் கருதத்தக்கது. காவலாளி எழுத்தறிந்தவனாக இருக்கவேண்டியதில்லை. செல்வோர் இரகசியச் சொல் எதனையும் நெஞ்சில் இருத்த வேண்டியதுமில்லை. யார் செல்கின்றார், எத்தனை பேர் செல்கின்றனர் என்னும் இரண்டும் அம்முத்திரையிலேயே அடங்கிவிடுகின்றன. அதாவது, அனுமதியோடு அனுமதியின் எல்லையும் சேர்ந்தே வழங்கப்பட்டது. களிமண் நெடுங்காலம் நிலைக்கும் பொருளன்று. காய்ந்து வெடித்து உதிர்ந்துவிடும். ஒரு பயணத்திற்கான அனுமதி வாழ்நாள் முழுவதற்குமான அனுமதியாக நீடித்தல் அரிது. இக்கருத்து முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மின்னஞ்சல் உலகில் எவ்வாறு மீண்டும் தோன்றியது என்பது பின்னர் விளக்கப்படும்.

2. வைத்திருப்பதும் அறிந்திருப்பதும்

ஒருவர் தம்மை இன்னாரென நிறுவுவதற்குப் பண்டைக்காலந்தொட்டு இரு வழிகள் உள்ளன. பிறரிடம் இல்லாத ஒரு பொருளை வைத்திருத்தல் ஒன்று. பிறர் அறியாத ஒன்றை அறிந்திருத்தல் மற்றொன்று. கண்டியரசின் முத்திரை முன்னதற்கும், இன்றைய கடவுச்சொல் பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். இலங்கைத் தமிழிலே அயல்நாடு செல்வதற்கான ஏடு கடவுச்சீட்டு எனவும், கணினியுட் செல்வதற்கான சொல் கடவுச்சொல் எனவும் வழங்குகின்றன. வழி எனப் பொருள்படும் 'கடவு' என்னும் ஒரே சொல்லிலிருந்து இவ்விரு வழக்குகளும் கிளைத்திருப்பது, பொருளும் சொல்லும் ஒரே தேவையின் இரு முகங்கள் என்பதைப் புலப்படுத்துகின்றது.

தமிழ் இலக்கியம் இவ்விரண்டின் வலிமையையும் குறையையும் நன்கு அறிந்திருந்தது. கம்பராமாயணத்தில் இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்தனுப்பவில்லை; தானும் சீதையும் மட்டுமே அறிந்த நிகழ்ச்சிகளையும் அடையாளமாகக் கூறியனுப்புகின்றான். அவ்வாறே சீதையும் சூடாமணியோடு அந்தரங்க நிகழ்ச்சிகளையும் சொல்லியனுப்புகின்றாள். பொருள் களவு போகக்கூடும், சொல் ஒட்டுக்கேட்கப்படக்கூடும், இரண்டும் ஒருங்கே பகைவன் கையிற் சிக்குதல் அரிது என்னும் தெளிவு இதில் உண்டு. வங்கிகள் இன்று கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் எண்ணையும் சேர்த்துக் கேட்பது இதே தெளிவின் விளைவாகும்.

சிலப்பதிகாரமோ பொருளை மட்டும் நம்பியதன் கேட்டைக் காட்டுகின்றது. கோவலன் கையிலிருந்த சிலம்பு புறத்தோற்றத்தால் அரசியின் சிலம்பென்று கொள்ளப்பட்டது. ஆராயாது தீர்ப்பு வழங்கப்பட்டது. கண்ணகியோ சிலம்பினுள் இருக்கும் பரல் எதுவென அறிந்திருந்தாள். அரசியின் சிலம்பில் முத்து. அவளது சிலம்பில் மாணிக்கம். அறிந்திருந்ததே உண்மையை நிறுவியது. எனினும் அந்நிறுவல் காலங்கடந்தே வந்தது.

சொல்லைப் பயன்படுத்தியோருள் உரோமப் படையினர் குறிப்பிடத்தக்கவர். கிரேக்க வரலாற்றாசிரியரான பொலிபியசு தரும் விவரப்படி, ஒவ்வொரு மாலையும் அன்றைய இரவுக்கான காவற்சொல் சிறு மரப்பலகையில் எழுதப்பட்டு அணி அணியாகக் கைமாற்றப்பட்டது. இருள் சூழுமுன் எல்லாப் பலகைகளும் படைத்தலைவரிடம் திரும்பியாதல் வேண்டும். ஒன்று திரும்பாதுவிடின், பலகையிலுள்ள குறிகளைக் கொண்டு அது எந்த அணியில் தடைப்பட்டது என உடனே கண்டறியப்பட்டது. இங்கு இரு உண்மைகள் பெறப்படுகின்றன. சொல் எழுதப்படும்போதே ஆபத்து தொடங்குகின்றது. ஆகவே எழுதப்பட்ட இடத்திற்குக் காவல் தேவைப்படுகின்றது.

3. கணினியுட் புகுந்த கடவுச்சொல்

கணினியிற் கடவுச்சொல் புகுந்தது ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள நேர்ந்தமையாலாகும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கோர்பற்றோ தலைமையில் உருவான நேரப்பகிர்வுக் கணினி முறைமை 1961இற் செய்துகாட்டப்பட்டது. பலர் தத்தம் கோப்புக்களை ஒரே பொறியில் வைத்திருந்தமையால், ஒருவருடையதை மற்றவர் தொடாதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் வழங்கப்பட்டது. 1965இல் அதே முறைமையிலே பயனர் ஒருவர் மற்றவருக்குச் செய்தி விட்டுச்செல்லும் அஞ்சல் வசதியும் உருவாயிற்று. கடவுச்சொல்லும் கணினி அஞ்சலும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை எனலாம்.

அச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில், எழுதியவாறே வைக்கப்பட்டிருந்தன. அதன் விளைவு விரைவிலேயே தெரியவந்தது. தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாதிருந்த அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், 1962இல் அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு அச்சுப்பொறிக்கு முறைப்படி வேண்டுகோள் விடுத்தார். அச்சுப் பிரதி கிடைத்தது. பிறர் கணக்குகளில் அவர் நேரம் பெற்றார். சில ஆண்டுகளின் பின்னர் மற்றொரு நிகழ்ச்சி இடம்பெற்றது. நிருவாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புக்களைத் திருத்தியபோது, தற்காலிகக் கோப்புக்கள் ஒன்றோடொன்று மாறிவிட்டன. அன்று கணினியுள் நுழைந்த ஒவ்வொருவரின் முன்னும் நாளாந்த அறிவித்தலுக்குப் பதிலாக அனைவரின் கடவுச்சொற்களும் அச்சிடப்பட்டு வந்தன.

இதற்குத் தீர்வு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1960களின் பிற்பகுதியில் உருவாயிற்று. றோஜர் நீடம் முன்வைத்த கருத்து எளிமையானது. சொல்லையே வைத்திராது, திரும்பப் பெறமுடியாதவாறு அதனை உருமாற்றி, அவ்வுருவை மட்டும் வைத்திருந்தாற் போதும். பயனர் சொல்லைத் தட்டியதும் அதனையும் அவ்வாறே உருமாற்றி ஒப்பிடலாம். அரைத்த மாவிலிருந்து நெல்லை மீட்க முடியாது. ஆயினும் அதே நெல்லை அதே திரிகையில் அரைத்தால் அதே மாவு கிடைக்கும். பெல் ஆய்வுகூடத்தின் றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகிய இருவரும் யுனிக்ஸ் முறைமையில் இதனை வளர்த்தெடுத்து, 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பயனர்கள் தெரிவுசெய்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தபோது, அவற்றுள் 86 விழுக்காட்டளவானவை மிகக் குறுகியனவாகவோ அகராதியிற் காணப்படுவனவாகவோ எளிதில் ஊகிக்கத்தக்கனவாகவோ இருந்தன. மனித நினைவின் இயல்பே பாதுகாப்பின் முதற் குறை என்பது அன்றே நிறுவப்பட்டது.

4. அஞ்சற் செயலியின் இக்கட்டு

மேற்கூறிய தீர்வு வாயிற்காவலனுக்குரியது, வழிப்போக்கனுக்கு உரியதன்று. சேவையகமாகிய காவலன் சொல்லை மறந்து அதன் உருவை மட்டும் வைத்திருக்கலாம். ஆனால், பயனரின் மேசையிலிருந்து அவருக்காகச் சென்று அஞ்சலைப் பெற்றுவரும் செயலி, அச்சொல்லை மூலவடிவில் உச்சரிக்க வேண்டியதாயிற்று. மின்னஞ்சற் செயலியின் இக்கட்டு முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

1971இல் றே ரொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பியபோது இச்சிக்கல் எழவில்லை. பயனர்கள் அஞ்சல் இருந்த கணினியிலேயே நேரடியாக நுழைந்து படித்தனர். 1980களில் தனியாள் கணினி பரவிய பின்னரே, தொலைவிலுள்ள அஞ்சற்பெட்டியிலிருந்து கடிதங்களைத் தன் மேசைக்கு இறக்கிக்கொள்ளும் தேவை பிறந்தது. அதற்கான அஞ்சலக நெறிமுறையின் முதல் வடிவம் 1984இலும், நெடுங்காலம் நிலைபெற்ற மூன்றாம் வடிவம் 1988இலும் வெளியிடப்பட்டன. பயனர் பெயர் ஒரு கட்டளையாலும் கடவுச்சொல் மறு கட்டளையாலும் அனுப்பப்படுதல் அதன் அடிப்படை முறையாக இருந்தது. சில நிமிடங்களுக்கொருமுறை புதிய அஞ்சல் உண்டோவென வினவவேண்டிய செயலி, ஒவ்வொரு முறையும் மனிதரிடம் சொல்லைக் கேட்டுக்கொண்டிருத்தல் இயலாது. எனவே அது சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாயிற்று.

எங்கே வைப்பது என்பதே அடுத்த வினா. தொடக்கத்திற் பல செயலிகள் சிறிதளவு உருமாற்றி ஒரு கோப்பில் எழுதிவைத்தன. பூட்டிய வீட்டின் சாவியைப் படிக்கட்டின் கீழ் வைப்பதற்கு இது ஒப்பாகும். அப்பிள் நிறுவனம் 1993இல் வெளியிட்ட பவர்ரோக் என்னும் அஞ்சற்றொகுதி வேறொரு வழியைக் காட்டியது. பல அஞ்சற் சேவைகளின் கடவுச்சொற்களையும் ஒரு 'சாவிக்கோவை'யில் இட்டு, அக்கோவையை ஒரே சொல்லாற் பூட்டும் முறை அது. பவர்ரோக் கைவிடப்பட்டபோதிலும், சாவிக்கோவை 1999இல் மாக் ஓ.எஸ். 9இல் மீண்டும் வந்து நிலைத்தது. கணினிகளில் இன்று பொதுவாகக் காணப்படும் சாவிக்கோவை என்னும் கருத்து மின்னஞ்சலின் பொருட்டே வளர்ந்ததென்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

விண்டோஸ் முறைமையில், 2000ஆம் ஆண்டின் பதிப்போடு வந்த தரவுப் பாதுகாப்பு முறை, பயனர் கணினியுள் நுழையத் தட்டும் சொல்லை அடிப்படையாகக் கொண்டு ஏனைய இரகசியங்களைப் பூட்டியது. 2004இல் முதற்பதிப்பு வெளிவந்த தண்டர்பேர்ட் செயலியோ தனக்கென இரு கோப்புக்களை வைத்துக்கொண்டது. இன்றைய பதிப்புகளில் ஒன்றிற் பூட்டப்பட்ட கடவுச்சொற்களும், மற்றொன்றில் அவற்றைத் திறக்கும் திறவுகோலும் உள்ளன. ஒன்றில்லாது மற்றையது பயன்படாது.

5. இலங்கையில் மின்னஞ்சல்

இலங்கையில் மின்னஞ்சல் பல்கலைக்கழகங்களின் வழியாகவே வந்தது. 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, பேராசிரியர் அபய இந்துருவவின் முன்முயற்சியால் 'லேர்ன் மெயில்' என்னும் சேவை தொடங்கப்பட்டது. தொலைபேசி இணைப்பின் மூலம் அஞ்சல்கள் திரளாகப் பரிமாறப்பட்டன. 1995இல் வணிக அடிப்படையிலான இணையச் சேவையும் நாட்டில் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் இணைப்பிலிருந்த ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசிக் கட்டணமாயிற்று. ஆகவே இணைத்து, அஞ்சலை இறக்கி, உடனே துண்டித்துவிட்டு ஆறுதலாகப் படிப்பதே சிக்கனமான வழக்கம். செயலி கடவுச்சொல்லைத் தானே நினைவில் வைத்திருத்தல் இங்கு வெறும் வசதியன்று, பணச் சேமிப்புமாகும்.

2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம், நாட்டுப்புறங்களில் 'நெனசல' எனப்படும் அறிவகங்களைத் தோற்றுவித்தது. பலர் பகிரும் கணினி மீண்டும் தோன்றிற்று. 1961இல் மசாசூசெற்ஸில் எழுந்த அதே நிலைமை இலங்கைக் கிராமத்து அறிவகத்திலும் எழுந்தது எனலாம். பொதுக் கணினியொன்றில் ஒருவர் கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டு எழுந்து செல்வாராயின், அடுத்து வந்து அமர்பவர் அவருடைய கடிதங்களைத் திறக்கலாம். அங்கே நினைவிற்கொள்ளும் செயலியே ஆபத்தானது. மறக்கும் செயலியே நம்பத்தக்கது.

6. மறதியின் காரணங்களும் பரிகாரமும்

மறதி ஒன்றாயினும் அதன் காரணங்கள் பல. அவற்றை நால்வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, களஞ்சியம் பழுதுபடுதல். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஆகிய செயலிகள் கடவுச்சொல்லை மறந்தபோது, மைக்ரோசொப்ட் நிறுவனமே அதற்கொரு பரிகாரத்தை வெளியிட்டது. பதிவேட்டிலுள்ள பாதுகாக்கப்பட்ட சேமிப்பகத்திற்குரிய பழுதுபட்ட பகுதியை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, கடவுச்சொல்லைப் புதிதாகச் சேமித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். உடைந்த பேழையை ஒட்டவைக்க முயலாது புதிய பேழை செய்வதே இங்கு முறையாயிற்று.

இரண்டாவது, பேழைக்கும் திறவுகோலுக்கும் பொருத்தம் இல்லாமற் போதல். புதிய கணினிக்கு மாறுவோர் தண்டர்பேர்டின் இரு கோப்புக்களுள் ஒன்றை மட்டும் கொண்டுசெல்வராயின், சேமித்த சொற்கள் இருந்தும் இல்லாதனவாகும். விண்டோஸில் உள்ளூர்க் கணக்கொன்றின் நுழைவுச்சொல்லை நிருவாகி வலிந்து மாற்றும்போதும், மாக் கணினியில் நுழைவுச்சொல் மாறியும் சாவிக்கோவை பழைய சொல்லோடேயே இருக்கும்போதும் இந்நிலை ஏற்படலாம். இது குறைபோலத் தோன்றினும் உண்மையில் காவலேயாகும். கணினியைத் திருடியவன் நுழைவுச்சொல்லை மாற்றிவிட்டு உள்ளே புகுந்தாலும், சேமித்த சொற்கள் அவன் கைக்கு அகப்படா.

மூன்றாவது, அயலிலுள்ள வேறொரு செயற்பாடு களஞ்சியத்தைக் கலைத்தல். 2020 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 10இன் '2004' எனப்பட்ட பதிப்பில் அவுட்லுக் முதலிய பல செயலிகள் கடவுச்சொற்களை மறக்கலாயின. செயலிகளை நீக்கி மீள நிறுவியும் பயனில்லை. பயனரின் கடவுச்சொல் இன்றியே அவர் சார்பில் இயங்குமாறு அட்டவணையிடப்பட்ட சில பின்னணிப் பணிகளே இதற்குத் தொடர்புடையவை எனப் பின்னர் தெரியவந்தது. அப்பணிகளை இடைநிறுத்துவது தற்காலிகப் பரிகாரமாக அறிவிக்கப்பட்டது; 2021இன் தொடக்கத்தில் திருத்தம் வந்தது. கோளாறு தோன்றும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க சான்று.

நான்காவது, மறதியே அல்லாத மறதி. செயலி சொல்லைச் சரிவர வைத்திருக்கும். சேவையகமோ அதனை ஏற்க மறுக்கும். மறுப்பைக் கேட்ட செயலி மீண்டும் சொல்லை வினவும். காண்போர் செயலி மறந்துவிட்டதென முடிவு செய்வர். படலையில் மறிக்கப்பட்டுத் திரும்பிவந்த தூதனை, செய்தியை மறந்தவன் எனப் பழிப்பதற்கு இது நிகர்.

எனவே பரிகாரத்திற்கும் ஒரு முறைவைப்பு உண்டு. முதலில், இணைய உலாவி வழியாக அதே கணக்கில் நுழைந்து, சொல்லைச் சேவையகம் ஏற்கின்றதா எனச் சோதித்தல் வேண்டும். அங்கும் ஏற்கப்படாதாயின் செயலியைக் குறைகூறுவதிற் பயனில்லை. ஏற்கப்படுமாயின், செயலியின் சேமிப்புப் பட்டியலைத் திறந்து, பழைய பதிவு உண்டோவெனப் பார்த்து, இருப்பின் அதனை நீக்கிப் புதிதாகச் சேமித்தல் வேண்டும். அதன் பின்னரும் மறதி நீடிப்பின், களஞ்சியக் கோப்புக்களை இரண்டையும் சேர்த்துப் பிரதிசெய்து பாதுகாத்த பின்னரே அவற்றை அகற்றிப் புதியன உருவாக விடலாம். பிரதி எடுக்காது அகற்றுவோர் ஏனைய கணக்குகளின் சொற்களையும் இழப்பர். இவ்வொழுங்கைத் தலைகீழாகச் செய்வதனாலேயே சிறு தொல்லை பேரிழப்பாக மாறுகின்றது.

7. மீண்டும் முத்திரைக்கு

நான்காம் வகை அண்மைக்காலத்திற் பெருகியமைக்கு ஒரு வரலாற்று மாற்றமே காரணம். கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்ட செயலி, அதனைக் கொண்டு அஞ்சலைப் படிப்பதோடு நில்லாது, கணக்கின் உரிமையாளர் செய்யக்கூடிய அனைத்தையும் செய்யலாம். சொல்லுக்கு எல்லை இல்லை, காலவரையும் இல்லை. இக்குறையை நீக்குவதற்காக 2012இல் ஓஓத் 2.0 என்னும் நெறிமுறை வெளியிடப்பட்டது. இதன்படி பயனர் தம் சொல்லைச் சேவையகத்திடம் மட்டுமே கூறுவார். சேவையகம் செயலிக்கு ஓர் அனுமதிச்சின்னத்தை வழங்கும். இன்ன செயலி, இன்ன பணி, இவ்வளவு காலம் என்பன அச்சின்னத்தோடு வரையறுக்கப்படும். வேண்டாதபோது அதனை மட்டும் திரும்பப் பெறலாம்.

இரண்டாம் இராசசிங்கனின் காவற்களத்திலே காட்டப்பட்ட களிமண் முத்திரையும் இத்தன்மையதே. ஈட்டி தாங்கியவனுக்குரிய முத்திரையைக் காட்டிச் சுமைகாவி செல்லவியலாது. மூவருக்குரிய முத்திரையில் நால்வர் செல்லவியலாது. கூகிள் நிறுவனம் 2022 மே 30ஆம் நாள்முதல் தனியாள் கணக்குகளிலே கடவுச்சொல்லை மட்டும் கொண்டு வரும் பிறர் செயலிகளை இவ்வகையில் மறுக்கத் தொடங்கியது. மைக்ரோசொப்ட் நிறுவனமும் தன் எக்ஸ்சேஞ்ச் ஒன்லைன் சேவையில் அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாளிலிருந்து பழைய முறையை நிறுத்தலாயிற்று. பழைய பதிப்புகளை வைத்திருந்தோர் தம் செயலி மறந்துவிட்டதென மயங்கினர். செயலி மறக்கவில்லை, படலையின் விதி மாறிவிட்டது. அவர்கள் செய்யவேண்டியிருந்தது சொல்லை மீளத் தட்டுவதன்று. செயலியைப் புதுப்பித்து, உறுதிப்படுத்தும் முறையை மாற்றி அமைப்பதே.

கணினிக்குக் கடவுச்சொல்லைத் தந்த கோர்பற்றோவே தம் முதுமையில், 2014ஆம் ஆண்டின் நேர்காணலொன்றில், கடவுச்சொற்கள் பெருந்தொல்லையாகிவிட்டதை ஒப்புக்கொண்டார். அவரிடமும் சொற்களைத் தட்டெழுதிய மூன்று பக்கங்கள் இருந்தனவாம். 2019இல் அவர் மறைந்தார்.

8. முடிவுரை

மொறகஹகந்த–களுகங்கைத் திட்டத்தின்கீழ் களுகங்கை நீர்த்தேக்கம் 2018இல் நீர் நிரப்பப்பட்டபோது, பழைய லக்கல நகரமும் அயலிலுள்ள ஊர்கள் சிலவும் தம் இடம்விட்டுப் பெயர்ந்தன. மேட்டு நிலத்திற் புதிய நகர் எழுந்தது. ஊர் பெயர்ந்தால் தெரு மாறும், வீட்டிலக்கம் மாறும், தபாற்காரர் சென்ற வழியும் நீரின் கீழாகும். மின்னஞ்சல் முகவரி மட்டும் மாறாது. வேலைக்கான அழைப்பு, பரீட்சைப் பெறுபேறு, வெளிநாடு சென்ற பிள்ளையின் கடிதம் ஆகியன அம்முகவரிக்கே தொடர்ந்து வரும். நிலையான முகவரி இழந்தோர்க்கு நிலைத்திருக்கும் முகவரி அதுவேயாகும். அம்முகவரியின் கதவு ஒரு சொல்லில் தங்கியிருக்கின்றது. அச்சொல்லைக் காக்கும் பொறுப்பு ஒரு செயலியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. ஆதலின் செயலியின் மறதியைச் சிறு கோளாறெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

அதே வேளை, மறதி அனைத்தையும் பிழையெனக் கொள்வதும் பொருந்தாது. பொதுக் கணினியில் மறத்தல் கடமை. திருடன் கையில் அகப்பட்ட கணினியில் மறத்தல் காவல். வாயிற்காவலன் சொல்லை மறந்து அதன் உருவை மட்டும் வைத்திருத்தல் அறிவு. உரியவரின் சொந்த மேசையில் மறத்தலே கோளாறு. எது காவல், எது கோளாறு என வேறுபடுத்தி அறிவதே பரிகாரத்தின் முதற்படியாகும். கண்டியரசின் காவலாளி எழுத்தறியாதவனாயினும் ஒன்றை அறிந்திருந்தான்: தன்முன் நீட்டப்பட்ட முத்திரை யாருக்குரியது, எத்தனை பேருக்குரியது என்பதனை ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே அவன் படலையைத் திறந்தான். ஒவ்வொரு முறையும் வினவுதல் வழிப்போக்கனுக்குத் தொல்லையே. அத்தொல்லையிலேதான் நாட்டின் பாதுகாப்பும் தங்கியிருந்தது.